ரெண்டு பொண்ணுங்க, ஒரு வாடகை வீடு!

மயிலாடுதுறையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்கு வேலைக்குப் போன பெண்ணா நீங்கள்? தோழியோடு சேர்ந்து வாடகைக்கு வீடு தேடியிருக்கீங்களா? அப்படின்னா 'லாவெர்ன் அண்ட் ஷெர்லி' உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

1976 முதல் 1983 வரை அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஓடிய காமெடித் தொடர் இது. மில்வாக்கி நகரத்து பீர் ஆலையில் பாட்டிலுக்கு மூடி போடும் வேலை பார்க்கிறார்கள் இரண்டு பெண்கள். கல்யாணம் ஆகவில்லை, சம்பளமும் கம்மி. தரைக்குக் கீழே இருக்கும் சின்ன வீட்டில் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். லாவெர்னாக பென்னி மார்ஷல், ஷெர்லியாக சிண்டி வில்லியம்ஸ். லாவெர்ன் டிரெஸ்ஸில் 'எல்' எழுத்து தைத்திருக்கும். பாலில் பெப்சி கலந்து குடிப்பார் (உவ்வே!).

கடைசி சீசனில் ஷெர்லி கல்யாணமாகிப் போய்விட, லாவெர்ன் மட்டும் தனியாக. இது நம்ம ஊர்ப் பெண்களுக்கும் நடக்கிற கதைதானே?

அதனால் வாடகை ஒப்பந்தத்தில் ரெண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்க. 2017-ம் வருட வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை, வீட்டுக்கு அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

"ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா" என்ற பதிலைக் கேட்டே அலுத்துப்போச்சா? வேலை பார்க்கும் பெண்களுக்காகத் தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. தஞ்சாவூரிலும் உண்டு. தனியார் ஹாஸ்டல் என்றால் கலெக்டரிடம் வாங்கிய உரிமம் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுடுங்க.