வெளுப்பை வைத்து அளந்த மருந்து

ஸ்டீராய்டு க்ரீம் விஷயத்தில் நம்ம ஊர்ல ரெண்டு கட்சி. "எல்லாத்துக்கும் கேக்கும்"னு ட்யூபை அலமாரியில தயாரா வச்சிருக்கிற கட்சி ஒண்ணு. "அய்யோ, ஸ்டீராய்டா!"ன்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததைக்கூடத் தொடாத கட்சி இன்னொண்ணு. ரெண்டு கட்சியுமே கேட்காத கேள்விகள் நாலு: எது, எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாள்? இந்த மருந்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டே போனால் நாலுக்கும் விடை வழியிலேயே கிடைக்கிறது.

1948 செப்டம்பர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக். முடக்குவாதத்தால் எழுந்து நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் 'காம்பவுண்ட் ஈ' என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சில நாளிலேயே அவர் நடமாட ஆரம்பித்துவிட்டார். அட்ரீனல் சுரப்பியிலிருந்து எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்த அந்தப் பொருளுக்குப் பிற்பாடு வந்த பெயர் கார்டிசோன். ரெண்டே வருஷத்தில், 1950இல், ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

தோல் மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? கார்டிசோனைக் களிம்பாக்கித் தடவிப் பார்த்தார்கள். பலன் இல்லை. காரணம், கார்டிசோன் அப்படியே வேலை செய்யாது. உடலுக்குள் போய், முக்கியமாகக் கல்லீரலில், ஹைட்ரோகார்டிசோனாக மாற வேண்டும். 1952இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு தோல் மருத்துவர்கள் நேரடியாக ஹைட்ரோகார்டிசோனையே களிம்பாகத் தடவினார்கள். கரப்பான் போன்ற நோய்களில் அரிப்பும் சிவப்பும் அடங்கின. தோல் மருத்துவத்தின் போக்கே அதோடு மாறியது.

அடுத்து கம்பெனிகள் அந்த மூலக்கூறில் இங்கே ஒரு ஃப்ளோரின், அங்கே ஒரு எஸ்டர் என்று சேர்த்து வீரியத்தை ஏற்றிக்கொண்டே போயின. ஆனால் எது எவ்வளவு வீரியம் என்று எப்படி அளப்பது? 1962இல் மெக்கென்ஸியும் ஸ்டௌட்டனும் ஒரு எளிய வழி சொன்னார்கள். மருந்தை ஆல்கஹாலில் கரைத்து முன்கையில் தடவி, மூடி வைத்து, மறுநாள் பார்ப்பது. ஸ்டீராய்டு தோலின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அந்த இடம் வெளிறிப்போகும். எவ்வளவு நீர்த்த கரைசலில்கூட வெளுக்கிறதோ, அவ்வளவு வீரியம். இன்றைக்கும் ஸ்டீராய்டு க்ரீம்களை வகைப்படுத்துவதில் இந்தச் சோதனைக்கு இடம் உண்டு.

நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ட்யூப்ல 1% ஹைட்ரோகார்டிசோன்னு போட்டிருக்கும். இன்னொண்ணுல 0.05% க்ளோபெட்டசால்னு இருக்கும். நம்பரைப் பார்த்தா ரெண்டாவதுதான் மைல்டுன்னு தோணும். உண்மையில் அது பல நூறு மடங்கு வீரியமானது. ஒரே மருந்தின் ரெண்டு ட்யூபை ஒப்பிட சதவீதம் உதவும். வேறு வேறு மருந்துகளை ஒப்பிட உதவாது.

'எந்த இடத்தில்' என்ற கேள்விக்கு 1967இல் பதில் வந்தது. ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் கதிரியக்க அடையாளமிட்ட ஹைட்ரோகார்டிசோனை உடலின் பல பகுதிகளில் தடவி, சிறுநீரில் எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்தார்கள். முன்கையில் உறிஞ்சப்படுவதை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14. நெற்றியில் 6. தாடை ஓரத்தில் 13. விதைப்பையில் 42! கால் பாதத்துக்கு எழுதிக் கொடுத்த க்ரீமை முகத்திலோ தொடை இடுக்கிலோ போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த எண்களே போதும். மடிப்புகளில் தோலோடு தோல் ஒட்டி மூடிக்கொள்வதால் மருந்து இன்னும் ஆழமாக இறங்கும். குழந்தைக்கு டயபர் போட்ட இடமும் அப்படித்தான்.

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆய்வகத்தில் வீரியத்தின் அளவுகோலாக இருந்த வெளுப்பு, நம்ம ஊர்ல விற்பனைச் சரக்காச்சு. 1975இல் க்ளிக்மனும் வில்லிஸும் கருமைத் திட்டுகளுக்காக ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து ஒரு மருந்து வெளியிட்டிருந்தார்கள். அந்த வழியில் வந்த கலவைகள் இங்கே மங்குக்கான மருந்து என்ற நிலையிலிருந்து இறங்கி, சிவப்பழகு க்ரீமாகக் கை மாறின. முதல் சில வாரம் முகம் பளிச்னு இருக்கும். பிறகு தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்பைவிட மோசமாக வரும். அதனால் மறுபடி தடவுவார்கள். விட முடியாது.

2011இல் வெளியான ஒரு பல மைய ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேர் அதை சிவப்பழகு க்ரீமாகவோ பொதுவான முகக் க்ரீமாகவோ ஷேவிங்குக்குப் பிறகோ பயன்படுத்தியவர்கள். 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. 433 பேருக்கும் பக்கவிளைவு இருந்தது.

படர்தாமரை இன்னொரு கதை. பூஞ்சைத் தொற்றில் ஸ்டீராய்டு தடவினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். வட்டமான ஓரம் மறைந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். 1968இலேயே இதற்கு 'டீனியா இன்காக்னிட்டோ', அதாவது மாறுவேடப் படர்தாமரை, என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2018 மார்ச்சில்தான் இந்திய அரசு 14 தோல் ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. நடைமுறை வேறு என்று சொல்லத் தேவையில்லை.

'எவ்வளவு' என்பதற்கு 1991இல் பிரிட்டனின் லாங், ஃபின்லே இருவரும் சொன்ன அளவு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ட்யூபிலிருந்து பிதுக்கி, பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு. ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து ரெண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். ஒரு முழுக் கைக்கு மூணு, ஒரு காலுக்கு ஆறு. 'எத்தனை நாள்' என்பது மருந்தைப் பொறுத்தது. க்ளோபெட்டசால் மாதிரி அதிவீரிய மருந்துக்குத் தொடர்ந்து ரெண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராம் என்பதே பொதுவான உச்ச வரம்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிடாதீர்கள். கரப்பானுக்குச் சரியான வீரியத்தில், சரியான அளவில், சொன்ன நாள்வரை தடவுவது பாதுகாப்பானதுதான். பயந்து பயந்து கொஞ்சூண்டு தடவி, நோயை மாசக்கணக்கில் இழுத்தடிப்பவர்களும் கஷ்டப்படுகிறார்கள். ஏற்கெனவே முகத்தில் பல மாதம் தடவி வருகிறவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தாமல், ஒரு தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எப்படி விடுவது என்று அவர் சொல்வார்.

வீட்டில் இருக்கிற ட்யூபை எடுத்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. யாருக்கு, எந்த நோய்க்கு, எந்த வருஷம் எழுதிக் கொடுத்தது என்று ஞாபகம் வரவில்லையா? குப்பையில் போடுங்கள்.