கரம் தீர்த்த ரசீது

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் எல்லைப்புறத்துக் கிராமமாகிய கொல்லயிலின் விவசாயி, உதவித்தொகை நாடி விவசாய அலுவலகமாகிய கிருஷி பவனுக்குப் புறப்படுகையில், ஆதார் அட்டை, பாங்கிப் புத்தகம் இவற்றின் பிரதிகளோடு மறவாமல் மடித்து எடுத்துச் செல்வது, கரம் எனப்படும் நிலவரியைக் கட்டியதற்கான, கரம் தீர்த்த ரசீது என்னும் ஒரு துண்டுக் காகிதமாகும். சர்க்காருக்குக் கொடுத்தாயிற்று என்பதற்கு அத்தாட்சியாகப் பிறந்த இக்காகிதம், சர்க்காரிடம் வாங்குவதற்கு ஆதாரமாக மாறிய கதைதான் இப்பிரதேசத்து விவசாய மானியத்தின் சரித்திரம்.

திருவிதாங்கூரில் பண்டாரவகை என்னும் சர்க்கார் நிலங்களுக்குச் சர்க்காரே ஜன்மியாக, அதாவது நிலவுடையவராக, இருந்து, குடியானவன் செலுத்தியதைப் பாட்டம் என்று வசூலித்த காலம் ஒன்றுண்டு. ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்டு, மாதவ ராவ் திவானாக இருந்த 1865-ஆம் வருஷத்தில் வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம், கரத்தை ஒழுங்காகச் செலுத்திவரும் வரையில் அந்நிலத்தை விற்கவும், ஒற்றி வைக்கவும், சந்ததிக்கு விட்டுச்செல்லவும் குடியானவனுக்குப் பூரண சுதந்திரம் அளித்தது. பாத்தியதை முழுவதும் கரத்தின்மேல் நின்றபடியால் ரசீதுக்கு அன்றே ஒரு மகிமை உண்டாயிற்று. 1883-இல் தொடங்கி 1911 வரை நீண்ட நில அளவையும் வரிநிர்ணயமும் அம்மகிமையைக் கணக்கில் ஏற்றின. 1946-இல், திவான் ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயரின் நிர்வாகத்தில், மண்ணின் தரம் பாராமல் ஏக்கருக்கு 14 சக்கரம், அதாவது அரை ரூபாய், என அடிப்படைக் கரம் வகுக்கப்பட்டது. வாங்குவதைக் குறைப்பதே அக்காலத்துச் சர்க்காரின் பெரிய உபகாரம். கையில் எடுத்துக் கொடுப்பது பிற்காலத்து வழக்கம்.

மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, 1956 நவம்பர் முதல் தேதி அண்டைத் தாலுகாவாகிய விளவங்கோடு சென்னை ராஜ்யத்திற்கும், திருவிதாங்கூர்த் தமிழரின் கட்சி கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரை கேரளத்திற்கும் போயின. மறு வருஷமே ரப்பர் போர்டு, பழைய மரங்களை வெட்டிப் புதுக் கன்று நடுவோருக்கு மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதற்குப் பணம் ரப்பரின்மேல் விதித்த தீர்வையிலிருந்தே வந்தது. தோட்டத்து மடையை அடைத்துத் தோட்டத்திற்கே பாய்ச்சிய கதைதான், ஆயினும் குறை சொல்லத் தோன்றவில்லை. 1987 செப்டம்பரில் பஞ்சாயத்துதோறும் கிருஷி பவன்கள் தோன்றிய பின், விதையும் உரமும் மானியமும் ஒரே வாசலில் கிடைக்கலாயின. 2015 முதல், ரப்பர் விலை கிலோவுக்கு 150 ரூபாய்க்குத் தாழும்போது அந்த வித்தியாசத்தை மாநில அரசு விவசாயியின் பாங்கிக் கணக்கில் சேர்த்தது. அந்த வரம்பு 2021-இல் 170 ஆகவும் 2024-இல் 180 ஆகவும் உயர்ந்தது. 2019-இல் மத்திய அரசின் பி.எம். கிஸான் திட்டம், தவணைக்கு 2,000 வீதம் வருஷத்திற்கு 6,000 ரூபாய் தரத் தலைப்பட்டது. ஏலாக்கள் எனப்படும் வயல்வெளிகளில் நெல் அருகி, வாழையும் மரச்சீனியும் ஏறிவரக் கண்ட மாநில அரசு, 2020-இல், நெல்வயலை வயலாகவே காத்துவைக்கும் உடைமையாளருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ராயல்டி அளிக்கவும் முற்பட்டது. வயலுக்குக் கரம் வாங்கிய சர்க்கார், வயல் வயலாக இருப்பதற்குக் கூலி கொடுக்கும் காலம் வருமென்று மாதவ ராவும் நினைத்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் நடுவே, பாட்டம் என்ற பழஞ்சொல் மட்டும் எல்லையோரத்தில் இன்னும் சாகவில்லை. நிலமில்லாதவன் பிறர் நிலத்தைப் பாட்டத்திற்கு எடுத்து வாழை வைக்கிறான். உரமும் கூலியும் அவன் செலவு, காற்றடித்துச் சாய்ந்தால் நஷ்டமும் அவனுடையதே. கிஸான் தவணையோ நில உடைமையைப் பார்த்து வருவது. குலை வெட்டிச் சந்தைக்குச் சுமப்பவன் அவனாயினும், கரம் தீர்த்த ரசீதில் உள்ள பெயர் நிலத்துக்காரருடையது.