உடைந்த வளையலில் எழுந்த ஊர்



மெர்போக்கில் அமைந்துள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்திற்கு நாம் மாணவர்களை அழைத்துச் செல்கிறோம். அங்கே கண்ணாடிப் பேழைகளுக்குள் இருப்பவற்றுள் பல உடைந்த பொருள்களே. சீனப் பீங்கான் சில்லுகள், பானை ஓடுகள், சிறு கண்ணாடி மணிகள்! அவற்றைக் காட்டி, "இவை விலைமதிப்பற்றவை" என்கிறோம். மறுநாள் அதே மாணவன் உடைந்த மங்குத் துண்டுகளையும் ரப்பர் கொட்டைகளையும் பையில் அள்ளி வந்தால், "எதற்கு இந்தக் குப்பை?" என்று கடிந்துகொள்கிறோம். நானும் அவ்வாறு கடிந்ததுண்டு.

உடைந்த ஓடொன்று மதிப்புப் பெற ஆயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாக விளங்குகிறது ஒரு சாலை மேற்பார்வையாளரின் வரலாறு.

அவர் பெயர் நேக் சந்த். 1924ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் ஊரை இழந்து இந்தியாவுக்குள் வந்தார். 1951இல் சண்டிகார் நகரில் பொதுப்பணித் துறையில் வேலையில் அமர்ந்தார். லெ கார்புசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி அந்நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. புதிய நகருக்காகப் பழைய சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அங்கே சிதறிக் கிடந்த ஓடு, பீங்கான், மிதிவண்டிப் பாகம், உடைந்த வளையல் ஆகியவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேக் சந்த் பார்த்தார். ஊரை இழந்தவருக்கு அவற்றின் அருமை தெரிந்திருந்தது போலும்!

1950களின் பிற்பகுதியில், வேலை முடிந்தபின் மிதிவண்டியில் அவற்றைச் சுமந்து சென்று, சுக்னா ஏரிக்கு அருகில் காட்டுப்பகுதியில் மறைவாகச் சேர்க்கத் தொடங்கினார். அது கட்டடம் எழுப்ப அனுமதி இல்லாத அரசு நிலம். ஆதலால் ஏறத்தாழ 18 ஆண்டுகள் அவர் பணி மறைவிலேயே நடந்தது.

அவர் சிற்பம் செய்த முறையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் சேகரித்தல். அடுத்து, மிதிவண்டிச் சட்டம், இரும்புக் கம்பி முதலியவற்றால் எலும்புக்கூடு போன்ற உட்சட்டம் அமைத்தல். பின்னர் அதன்மீது சிமெண்டுக் கலவையைப் பூசி உடல் அமைத்தல். இறுதியாக, பூச்சு காய்வதற்குள் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் பதித்து ஆடை அணிவித்தல். இவ்வாறு படிப்படியாக மனிதர்களும் விலங்குகளும் வரிசை வரிசையாக எழுந்து நின்றன!

ஓவியர் பிக்காசோ 1942இல் மிதிவண்டி இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளையின் தலையை உருவாக்கினார். அங்கே இரு பொருள்கள் இணைந்த அளவிலேயே சிற்பம் பிறந்துவிட்டது. இருக்கையை இருக்கையாகவே காணலாம். நேக் சந்தின் சிற்பத்திலோ மிதிவண்டி உள்ளே மறைந்துபோகிறது. ஒவ்வொரு படியிலும் பொருள் தன் பழைய அடையாளத்தைச் சிறிது சிறிதாகத் துறந்து புதியதாகிறது.

இறுதியில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, சட்டப்படி அனைத்தையும் இடித்திருக்கலாம். ஆனால், நகர நிர்வாகம் அதனைக் காத்தது. 1976இல் அது பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்கு ஊதியமும் ஐம்பது பணியாளர்களும் வழங்கப்பட்டன. 1984இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. 1990இல் சாலைக்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, பொதுமக்கள் கைகோத்து நின்று தடுத்தனர். 2015இல் நேக் சந்த் மறைந்தார். தோட்டம் இன்றும் ஏறத்தாழ 40 ஏக்கரில் நிற்கின்றது.

இவ்வரலாறு நம் வகுப்பறைக்கு என்ன சொல்கிறது?

கலைக்கல்விப் பாடத்தில் நாம் பெரும்பாலும் முடிந்த பொருளையே மதிப்பிடுகிறோம். அதனால்தான் மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கைவேலையை முதல்நாள் இரவில் அம்மாவோ அப்பாவோ செய்து முடிக்கிறார்கள். பொருள் அழகாகத்தான் இருக்கிறது; ஆனால், பிள்ளை எந்தப் படியிலும் ஏறவில்லை!

ஆசிரியர்களே, சேகரித்தலுக்கு ஒரு வாரம், உட்சட்டத்திற்கு ஒரு வாரம், பூசுவதற்கு ஒரு வாரம் எனப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு படியையும் பாராட்டுவோம். கூரிய துண்டுகளைக் கையாளும்போது உடனிருந்து வழிகாட்டுவோம். பெற்றோர்களே, வீட்டின் மூலையில் பிள்ளைக்கென ஒரு பழைய பெட்டியை ஒதுக்கிக் கொடுங்கள். அதில் அவன் எதைப் போட்டாலும் கேட்காமல் வீசிவிடாதீர்கள்.

நேக் சந்தின் குவியலும் 18 ஆண்டுகள் பிறர் கண்ணுக்குக் குப்பையாகத்தான் இருந்திருக்கும். நாம் கூட்டி எறிவது குப்பையையா, ஒரு சிற்பத்தின் முதற்படியையா? துடைப்பத்தை எடுக்கும் முன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.