தவறணைக் கணக்கும் குடித்தவன் கணக்கும்

இலங்கையின் மதுவிலக்கு வரலாற்றைப் புரட்டினால் சாராயக் குத்தகைக்காரர்கள் வருகிறார்கள். மதுவரி அதிகாரிகள் வருகிறார்கள். மேடையேறிய தலைவர்கள் வருகிறார்கள். குடித்தவன் மட்டும் வருவதில்லை. அவனைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்; அவனைப் பேசவிட்டவர் அரியர். மட்டக்களப்பு வாவிக் கரையில் குடியை விட எண்ணும் ஒருவன், தன்னைப் போன்றவர்கள் கூடும் இடத்தைத் தேடி அலைய நேர்வதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

ஒல்லாந்தர் காலத்துக் குத்தகை முறையை ஆங்கிலேயர் கைவிடவில்லை. சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவனே குத்தகைக்காரன். கொடுத்ததை மீட்க அவன் கூடுதலாக விற்றாக வேண்டும். குடிப்பவனும் கூடுதலாகக் குடித்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழியிலே பணம் திரட்டிய குடும்பங்கள் பல, தோட்டங்களும் காரீயச் சுரங்கங்களும் வாங்கி நாட்டின் முதலாளி வகுப்பாக உயர்ந்தன. 1912இல் மதுவரிச் சட்டம் மாற்றப்பட்டு, கள்ளுத் தவறணைகள் ஊரூராகத் திறக்கப்பட்டபோது பெருங் கிளர்ச்சி மூண்டது. எஃப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலகா முதலியோர் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அந்நிய அரசு அவர்களைச் சிறையிலிட்டது.

அவ்வியக்கத்தை நாம் சிறுமைப்படுத்தலாகாது. அந்நிய ஆட்சியின் வருவாயிலே கைவைத்த இயக்கம் அது. ஆயினும் அதன் வெற்றி, மூடிய தவறணைகளின் தொகையாலேயே அளக்கப்பட்டது. தவறணை மூடிய மறுநாள் அதன் வாடிக்கைக்காரன் எங்கே போனான்? கசிப்புக் காய்ச்சும் இடத்துக்குப் போனான் என்பதை ஊரார் அறிவர். சுதந்திரத்துக்குப் பின்னரும் கதை மாறவில்லை. 1974இல் வடிசாலைகள் அரசுக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. 1992இல் தனியார் கைக்குப் போயின. 2017இல் கல்குடாவில் எழவிருந்த எரிசாராயத் தொழிற்சாலையை எதிர்த்து மட்டக்களப்பு மக்கள் குரல் எழுப்பியபோதும், விவாதம் ஆலையைப் பற்றியதாகவே இருந்தது.

குடித்தவர்களே தமக்காகக் கூடிய வரலாறு வேறொன்று உண்டு. 1840இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து மதுக்கடையொன்றில், குடிப்பழக்கமுடைய அறுவர் கூடிக் குடிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். பிரசங்கி இல்லை, தம் அநுபவத்தைத் தாமே சொன்னார்கள். வாஷிங்டோனியர் என்று பெயர் பெற்ற அவ்வியக்கம் காட்டுத்தீயெனப் பரவிற்று. அரசியல் சர்ச்சைகளில் அகப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தும் போயிற்று.

1935இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகர், வியாபாரம் முறிந்து, அக்ரன் நகரத்து விடுதியொன்றில் தனித்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுச்சாலையின் ஓசை அழைத்தது. அவர் தொலைபேசியை எடுத்து, இவ்வூரில் என்னைப் போன்ற இன்னொரு குடிகாரன் உண்டா என்று தேவாலயங்களில் விசாரிக்கத் தொடங்கினார். அறிவுரை தரும் பெரியவரை அவர் தேடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. கிடைத்தவர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவ்விருவர் பேச்சிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் இல்லை, ஊர்ப்பெயர், குலப்பெயர் கேட்பதில்லை, இன்றைக்கு மட்டும் குடிப்பதில்லை என்பதே நாள்தோறும் எடுக்கும் உறுதி. மதுத்தொழிலைப் பற்றி அது கருத்துச் சொல்வதில்லை. நம்மைப் போன்றோர்க்கு இந்த மௌனம் உவப்பானதன்று. ஆயினும் வாஷிங்டோனியர் பட்ட பாட்டை எண்ணினால், அதன் நியாயமும் புலப்படும்.

இம்முறை வாவிக் கரைக்கு அந்நியமா? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மனிதன் தனியனாக வாழ்வதில்லை. கோவிலில் அவனுக்குள்ள உரிமை தாய்வழிக் 'குடி'யால் அமைகிறது. (குலத்துக்கும் மதுவுக்கும் ஒரே சொல் வாய்த்தது மொழியின் விளையாட்டு!) பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலில் தீ மிதிக்க நேர்ந்துகொண்டவன் விரத நாட்களில் மதுவையும் புலாலையும் தொடுவதில்லை. அவனை நாம் உற்று நோக்க வேண்டும். ஆண்டு முழுதும் தள்ளாடியவன் அந்நாட்களில் எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறான்? பக்தி என்பர், இருக்கலாம். உடன் நோற்போர் சூழ இருக்கிறார்கள் என்பதும் உண்மை. சடங்கு முடிந்து அவர்கள் கலைந்ததும் அவன் தனியனாகிறான். கலையாத கூட்டம் ஒன்று, வாரத்தில் ஒரு மாலையாவது, அவனுக்கு வேண்டியிருக்கிறது.

பெயர் மறைத்தல்தான் இங்கே கடினம். ஓரூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். தோணித்துறையைக் கடந்து அடுத்த ஊரில் கூடுவது ஒரு வழி. மறைப்பதைவிடக் குடும்பத்தோடு வெளிப்படையாக வருவது இன்னொரு வழி. இப்பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. கணவன் அவள் வீட்டில் வந்து வாழ்பவன். குடிகாரனின் மனைவி வெறும் அழுகுரலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 1951இல் வில்சனின் மனைவி லோயிஸ் முதலியோர் குடும்பத்தார்க்கென ஆல்-அனான் என்ற கூட்டத்தைத் தனியே அமைத்தனர்.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் மருத்துவமனை தொடங்கினார். பின்னர் தஞ்சைச் சீமையின் மஞ்சக்குடிக் கிராமத்திலே முகாம் அமைத்து, நோயாளியை ஊரைவிட்டுப் பிரிக்காமல் சிகிச்சை நடந்தது. அங்கு மருத்துவமும் கூட்டமும் ஒன்றையொன்று விலக்கவில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் தோன்றும், உயிரும் போகலாம். ஆகவே அவன் முதலில் ஏற வேண்டியது வைத்தியசாலைப் படி. அங்கிருந்து வெளிவரும் நாளில் வாசலிலே காத்திருக்க, முன்னரே அவ்வழி நடந்த இன்னொருவன் வேண்டும். அக்ரன் நகரில் கூட்டம் தொடங்குவதற்கு இருவரே போதுமாயிருந்தது.