சராய்கள் போன பின்: லாரி இரவில் எங்கே நிற்பது?

தில்லியில் சராய் என்னும் சொல்லைச் சுமந்து நிற்கும் இடப்பெயர்கள் ஏராளம். யூசுப் சராய், காலூ சராய், பேர் சராய், கட்வாரியா சராய், சராய் ரோகில்லா, சராய் காலே கான் என்று பட்டியல் நீளும். வழிப்போக்கரும் வணிகரும் அவர்தம் பொதிவிலங்குகளும் இரவு தங்கிய இடத்துக்குச் சராய் என்று பெயர். இன்று அப்பெயர்கள் குடியிருப்புகளுக்கும் கடைத்தெருக்களுக்கும் உரியவை. அதே நகரின் குடியிருப்புத் தெருக்களில் நள்ளிரவை ஒட்டி வந்து நிற்கும் கனரக லாரிகளைப் பற்றிய ஓயாத பூசலுக்குப் பின்னே, தங்குமிடம் மறைந்து பெயர் மட்டும் எஞ்சிய இந்த வரலாறு இருக்கிறது.

சரக்கு கொண்டுவருபவன் இரவில் எங்கே தங்குவான் என்பது ஒரு காலத்தில் அரசின் கவலையாக இருந்தது. ஷெர் ஷா (ஆட்சி: 1540–1545) நெடுஞ்சாலைகளில் 1,700 சராய்கள் கட்டியதாக அப்பாஸ் கான் சர்வானியின் வரலாறு கூறுகிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். சாலையும் தங்குமிடமும் ஒரே பணியின் இரு பகுதிகளாகக் கருதப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஷாஜகானின் மகள் ஜஹானாரா சாந்தினி சௌக்கில் எழுப்பிய சராயைப் பிரெஞ்சுப் பயணி பெர்னியே வியந்து எழுதினார். 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அதை இடித்தனர். அவ்விடத்தில் 1860களில் எழுந்த மாளிகையே தில்லியின் டவுன் ஹால். சராய் இருந்த மண்ணில் அமர்ந்துதான் நகராட்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நகரை ஆண்டது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இக்கவலை முற்றாக மறையவில்லை. சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டிப்பேட்டைகள் அமைத்துக் கட்டணம் பெறும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குத் தந்தது. மாட்டுவண்டி இரவில் அவிழ்த்துவிடப்படும் இடம் நகரின் கணக்கில் இருந்தது.

கணக்கு பிசகியது லாரியின் காலத்தில். விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில், 1950–51 அளவில், நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை ரயில்வே சுமந்தது. பின்னர் அப்பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. சரக்கு ரயில் இரவில் நிற்க ரயில்வேக்குச் சொந்தமான யார்டு உண்டு. லாரிக்கு அப்படி எதுவும் இல்லை. சரக்கு தண்டவாளத்திலிருந்து சாலைக்கு மாறியபோது, அது நிற்பதற்கான நிலம் உடன் மாறி வரவில்லை.

சட்டங்கள் இந்த இடைவெளியை அறிந்திருந்தன. ஆயினும் நிரப்பவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வாகனங்கள் நிற்கும் இடங்களைத் தீர்மானிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. 127ஆம் பிரிவோ, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளின்றி விடப்பட்ட வாகனத்தையும், தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வாகனத்தையும் அகற்ற வழி செய்கிறது. இரவு பதினொரு மணிக்கு வந்து விடியலில் புறப்படும் லாரி பத்து மணி நேரத்தை எட்டுவதில்லை. ஓட்டுநர் உள்ளே உறங்குவதால் அது ஆளற்ற வண்டியும் அன்று. தெருவில் தடை அறிவிக்கப்படாதவரை இப்பிரிவு குடியிருப்போருக்குப் பெரிதும் உதவுவதில்லை.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது. தொழிலாளர் இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறைகளையோ தக்க மாற்று ஏற்பாட்டையோ முதலாளி செய்து தர வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டம் இயல்பாகப் பொருந்தியது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனங்களுக்கே. இந்திய லாரித் தொழிலின் பெரும்பகுதியோ ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர் கையில். அவர்களுள் பலர் தாமே ஓட்டுநர்கள். வீட்டு வாசலே அவர்களுக்குப் பேட்டை. வெளியூர் ஓட்டுநரும் விளக்கும் ஆள்நடமாட்டமும் உள்ள தெருவையே நாடுவார். டீசல், தார்ப்பாய், சரக்கு ஆகியவற்றின் திருட்டுக்கு அஞ்சுபவர் இருண்ட புறவழிச்சாலையில் எப்படிக் கண்ணயர்வார்?

தில்லி கண்ட தீர்வு, லாரியை வெளியே தள்ளுவது. வடக்கே கர்னால் சாலையில் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் அமைந்தது. நகரம் அதையும் தாண்டி வளர்ந்தது; இன்று அதைச் சுற்றிலும் குடியிருப்புகள். 1990இல் அறிவிக்கப்பட்ட பெருந்திட்டம் நகர எல்லைகளில் ஒருங்கிணைந்த சரக்கு வளாகங்கள் வேண்டும் என்றது. 2007ஆம் ஆண்டுத் திட்டமும் அதையே திரும்பச் சொன்னது. இடையில் 2001இல், தில்லிக்குச் சரக்கு கொண்டுவராத லாரிகள் நகருக்குள் புகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவற்றுக்கு மாற்றுவழியான கிழக்கு, மேற்குப் புறவட்ட விரைவுச்சாலைகள் இரண்டும் முழுமை பெற்றது 2018இல். ஆணைக்கும் சாலைக்கும் இடையே பதினேழு ஆண்டுகள்.

தில்லிக்கே வர வேண்டிய லாரிகளின் சிக்கல் வேறு. பகலில் கனரகச் சரக்கு வாகனங்களுக்கு நகரச் சாலைகளில் தடை. நெரிசலையும் விபத்தையும் குறைக்க அத்தடை தேவைதான். ஆனால் அது ஒரு நாளின் சரக்கு முழுவதையும் சில மணி நேர இரவுக்குள் அடைக்கிறது. கிடங்கு திறக்கத் தாமதமானாலும், சுமைதூக்குவோர் கிடைக்காவிட்டாலும், விடியுமுன் எல்லை கடக்க இயலாத லாரி ஏதோ ஒரு தெருவில் ஒதுங்குகிறது. அங்கே தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் நுழையும் வழி குறுகுகிறது. சிறு வண்டிகளுக்கென்று போட்ட தெரு பல டன் பாரத்தில் குழிவிழுகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை நடைபாதையை விட்டு நடுச்சாலையில் இறங்குகிறது. மறுபுறம், நாமக்கல்லிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த ஓட்டுநர் கழிப்பறையோ குளிக்க நீரோ இன்றிக் கேபினில் அரைத்தூக்கம் தூங்கி, விடிந்ததும் அதே கண்களோடு நெடுஞ்சாலை ஏறுகிறார். தெருவாசியின் அச்சமும் ஓட்டுநரின் அயர்வும் ஒரே குறையிலிருந்து பிறப்பவை.

அண்மையில் அரசின் பார்வை ஓட்டுநர் பக்கம் சற்றே திரும்பியிருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபின்களுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்கு முதற்கட்டமாக 1,000 ஓய்வு மையங்கள் அமையும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். வரவேற்கத்தக்கவை. ஆனால் அவை நெடுஞ்சாலைக்கானவை. பயணத்தின் கடைசிச் சில கிலோமீட்டரில், கிடங்குக்கும் சந்தைக்கும் அருகே லாரி நிற்க வேண்டிய இடம் நகராட்சியின் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

தடைப்பலகையும் அபராதமும் தேவையற்றவை அல்ல. மாற்று இடமின்றி விதிக்கப்படும் தடை, லாரியை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு, பெரும்பாலும் குரல் எழுப்ப வலுவற்றவர் வாழும் தெருவுக்கு நகர்த்துவதோடு நின்றுவிடுகிறது. காவலும் விளக்கும் கழிப்பறையும் உள்ள பேட்டையை முதலில் திறந்து, அதன்பின் தெருவில் தடை விதிப்பதே முறை. உண்ணவும் உடுக்கவும் கட்டவும் வேண்டிய பொருள்கள் இரவில்தான் வந்து சேர வேண்டும் என்று முடிவு செய்தது நகரம். அவற்றைக் கொண்டுவருபவர் படுக்க இடம் தருவதும் அந்த முடிவின் பகுதியே.