2.96 என்றொரு எண்

சென்ற வாரம் சிக்னஸ் நிறுவனத்தை ரெட் ஹாட் விலைக்கு வாங்கியதோடு நிறுத்தினோம். ஜிசிசி கம்பைலரை எழுதுகிறவர்களில் பலர் இப்போது ரெட் ஹாட்டில் சம்பளம் வாங்குகிறார்கள். இனி அவர்கள் வைத்ததுதான் சட்டமா?

சட்டம் இல்லை. அவசரம்.

ரெட் ஹாட் லினக்ஸ் 7 தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கம்பைலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பைலர்தானே என்று விட்டுவிடாதீர்கள். வட்டில் இருக்கும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை அதற்குள் புகுந்துதான் வெளியே வரவேண்டும். அதோடு 7.1, 7.2 என்று அடுத்தடுத்து வரும் பதிப்புகளிலும் அதையே கட்டி அழவேண்டும்.

கையில் இருந்தது ஜிசிசி 2.95. முறைப்படி வெளியானது, ஆனால் சி பிளஸ் பிளஸ் தரவிதிகளில் நொண்டியது. இன்டெல்லின் ஐடேனியம் செயலியை அதற்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் எதிர்பார்த்தது 3.0. அதுவோ வருகிற பாடாக இல்லை.

பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். 2.95-ஐ எடுத்தாலும் 3.0 வந்த அன்று பழைய சி பிளஸ் பிளஸ் நிரல்கள் புதிய நூலகங்களோடு ஒட்டப்போவதில்லை. எப்படியும் உடையத்தான் போகிறது. அப்படியானால் சமையல் முடியுமுன்பே ஒரு கரண்டி எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்தார்கள். ஜிசிசியின் வளர்ச்சிக் கிளையிலிருந்து ஒரு நகல். பிழைகளை ஒட்டுப்போட்டுத் திருத்தினார்கள். அந்தக் கிளை அப்போது சுமந்திருந்த எண் 2.96. அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது.

2000 செப்டம்பர் கடைசியில் ரெட் ஹாட் 7 வெளியானது. வாங்கியவர்கள் வட்டைத் துழாவினால், உள்ளே இன்னொரு கம்பைலர்! பெயர் கேஜிசிசி. பழைய ஈஜிசிஎஸ் 1.1.2-தான் அது. கெர்னலைக் கட்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள் என்றது ரெட் ஹாட்.

உங்கள் கெர்னலுக்கே ஆகாததை எங்கள் தலையில் கட்டினீர்களா என்று கொதித்தார்கள் பலர். கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை. பழைய கம்பைலர்களின் போக்குக்குப் பழகிப்போன கெர்னல் அது. டெபியன் லினக்ஸும் இதே காரணத்துக்காக ஜிசிசி272 என்று ஒரு பழசைத் தனியே வைத்திருந்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 6.

ஜிசிசியின் வழிநடத்தும் குழுவிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. சில லினக்ஸ் விநியோகங்கள் 2.96 என்ற ஒன்றை அனுப்புவதாக அறிகிறோம். அப்படி ஒன்றை நாங்கள் வெளியிடவில்லை. வெளியிடப்போவதும் இல்லை.

ரெட் ஹாட்டின் பெயர் அதில் இல்லை. தேவையும் இருக்கவில்லை!

இந்தக் கம்பைலரில் கட்டிய சி பிளஸ் பிளஸ் நிரல் 2.95-ஓடும் ஒட்டாது, வரப்போகும் 3.0-ஓடும் ஒட்டாது. பிழை கண்டால் கொடுத்தவரையே கேளுங்கள். குழு அத்தோடு விடவில்லை. தன் வளர்ச்சிக் கிளையின் எண்ணையே 2.97 என்று மாற்றிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவிலேயே ரெட் ஹாட் ஊழியர்களும் இருந்தார்கள்.

குழுவின் கோபம் எனக்குப் புரிகிறது. தாங்கள் வெளியிடாத ஒன்றின் பிழைகள் தங்கள் பெயரில் ஊரெல்லாம் உலவும். யாருக்குப் பொறுக்கும்? ரெட் ஹாட்டின் தொழில்நுட்பக் கணக்கு சரி. எண்ணை மாற்றாமல் விட்டது தவறு. தன் பெயரை அதன் முன்னால் போட்டிருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

ரெட் ஹாட் அசையவில்லை. 7.3 வரை 2.96-தான். எம்பிளேயர் காணொளி நிரலோ, 2.96-ஐக் கண்டால் கட்டும் வேலையைத் தொடங்குமுன்பே வழிமறித்தது. ஆலன் காக்ஸ் பராமரித்த 2.2.18 கெர்னல் சமாதானமாகப் போனது. அதன் மேக்ஃபைல் முதலில் கேஜிசிசி இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் ஜிசிசி272. அதுவும் இல்லையென்றால்தான் வழக்கமான கம்பைலர். அந்தக் கெர்னலைப் பராமரித்த ஆலன் காக்ஸும் அப்போது ரெட் ஹாட்காரர்தான்!

2001 ஜூனில் 3.0 வந்தே விட்டது. இனி சி பிளஸ் பிளஸ் நிரல்கள் பதிப்புக்குப் பதிப்பு உடையாது என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

ஆனால் ரெட் ஹாட் 8.0 வட்டைத் திறந்தால், உள்ளே இருந்தது 3.0 அல்ல. 3.1-உம் அல்ல. 3.2!

இடையில் என்ன உடைந்தது? அடுத்த வாரம் சொல்கிறேன்.