டெபாசிட்தாரருக்குச் சட்டம் வந்த வழி

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பாரி, பின்னி ஆகிய பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனம் அது. வணிகம் செய்துகொண்டே பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், வக்கீல்கள், விதவைகள் எனப் பலரும் கைப்பணத்தை அங்கே போட்டிருந்தார்கள். லண்டனில் அதன் பங்காளியாக இருந்த பாட்ரிக் மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பெருந்தொகையை இழந்து, இரண்டு நாள் முன்னதாக ரயில் முன் விழுந்து உயிரைவிட்டிருந்தார். சில பங்காளிகள் கூடி நடத்திய அந்த நிறுவனத்தின் உள்நிலவரம் டெபாசிட் போட்டவருக்குத் தெரிய வழியில்லை. கம்பெனியின் பெயரும், சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டின் சமூக அந்தஸ்தும்தான் அவர்கள் நம்பிய ஜாமீன்.

சென்னை இதை இரண்டு விதமாக எதிர்கொண்டது. ஒன்று நீதிமன்றம்: வழக்கு நடந்து ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. மற்றொன்று நம்மவர் நடத்தும் வங்கி: கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று உழைக்க, நகரத்தார் முதலும் சேர்ந்து, 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவாகி, ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. பத்தே மாதத்தில் நடந்த இந்தக் காரியம் போற்றத்தக்கது. அந்த வங்கி இன்றும் இருக்கிறதே, சென்னை அப்போதே மீண்டுவிட்டதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அது நன்றாக நடந்ததற்குக் காரணம் நடத்தியவர்களின் நிதானம். டெபாசிட்தாரருக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு 1906இல் இருந்ததைவிட அதிகமாகிவிடவில்லை. அதே சுதேசி உற்சாகத்தில் பிறந்த லாகூர் பீப்பிள்ஸ் வங்கியும் பம்பாய் இந்தியன் ஸ்பீசி வங்கியும் 1913இல் முறிந்தன. நிறுவனம் யாருடையது என்பது பணத்துக்குக் காவல் ஆகாது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

புரிந்துகொள்ளக் காலம் பிடித்தது. 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி முறிந்தபோது பேச்செல்லாம் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரைப் பற்றியே இருந்தது. அரசியல் பகை தீர்க்கவே வங்கியைக் கவிழ்த்தார் என்றார்கள் ஒரு சாரார். நிர்வாகம்தான் கெட்டுக் கிடந்தது என்றார்கள் மறுசாரார். எது உண்மையானாலும், பணம் போட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான். பீதி தென்னாட்டின் மற்ற வங்கிகளுக்கும் பரவியது. தொடங்கி மூன்றே ஆண்டு ஆகியிருந்த ரிசர்வ் வங்கியிடம் இதற்கேற்ற அதிகாரம் இல்லை. வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்று 1939இல் அது யோசனை அனுப்பியது. சட்டம் வந்ததோ 1949இல்.

அந்தச் சட்டம் மேற்பார்வையைக் கொடுத்தது, டெபாசிட்டுக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. 1960இல் ரிசர்வ் வங்கியின் மனுவின்பேரில் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கியைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது இந்தக் குறை அம்பலமானது. இம்முறை பதில் உடனே வந்தது. தள்ளாடும் வங்கியின் கொடுக்கல் வாங்கலைச் சிலகாலம் நிறுத்திவைத்து, அதை வேறொரு வங்கியோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் அதே ஆண்டு உருவானது. 1961இல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு கிடைத்தது. நூறு ரூபாய் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 5 பைசா பிரீமியம்; கட்டவேண்டியது வங்கி. முறிவுக்குப் பிறகு குற்றவாளியைத் தேடுவதையே மீட்சி என்று எண்ணிய ஒரு சமூகம், முறிவு வந்தாலும் சிறு சேமிப்பு தப்ப முன்கூட்டியே வழி செய்துவைத்தது. 1907இன் தொடக்கவிழாவைவிட இந்த 5 பைசாவையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

காப்பீடு இருந்தால் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடுவார்கள் என்ற ஆட்சேபம் பழையது. ஆர்பத்நாட்டில் காப்பீடே இல்லை. அங்கே யார் கணக்கைப் பார்த்துப் பணம் போட்டார்கள்? பார்க்க வழி இல்லாதவரிடம் எச்சரிக்கையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: 1951இல் 566ஆக இருந்த வணிக வங்கிகள் 1969இல் 89ஆகக் குறைந்தன, ஊர்க்காரர் குணமறிந்து கடன் கொடுத்த சிறு வங்கிகள் பல மறைந்தன. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அந்த நெருக்கத்துக்கு விலையாக, வங்கி சாயும்போதெல்லாம் ஊரே மூழ்குவதை ஏற்க முடியாது.

சட்டம் இருந்தால் போதாது, தொகையும் காலத்தோடு நகர வேண்டும். 1993இல் ஒரு லட்சமாக உயர்ந்த காப்பு வரம்பு 27 ஆண்டுகள் அசையவில்லை. 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதலில் கட்டுப்பாடு வந்து, மக்கள் தெருவில் நின்று போராடிய பிறகே, 2020 பிப்ரவரியில் காப்பு வரம்பு ஐந்து லட்சமானது. முடக்கப்பட்ட வங்கியின் டெபாசிட்தாரருக்கு 90 நாளில் காப்புத்தொகை சேரவேண்டும் என்ற திருத்தம் 2021இல் வந்தது. விலைவாசியோடு சேர்த்து இந்த வரம்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உயர்த்துவதையும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அதற்கு இன்னொரு வங்கி முறியும்வரை அரசு காத்திருக்கக் கூடாது.